பாதியில் ஆட்டோ பிடிப்பவர்கள்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் பாதியில் கழன்றுகொள்கிறார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. எடுப்பதென்றால் அதற்குத் தகுந்த ஆள் அடி அண்ணாமலைப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர்தான். ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பும்போது எல்லாருக்கும் கால் தரையில் பாவுவதில்லை. அக்னி லிங்கம் வரை பேச்சும் சிரிப்பும். ரமணாசிரமம் தாண்டி எம லிங்கம் வருவதற்குள் பேச்சு குறைகிறது. நிருதி லிங்கத்தில் சுக்குக் காபி. அதற்கப்புறம் ஒருவர் நின்று, குனிந்து, தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டால், சொல்லிவைத்தாற்போல் பின்னால் ஓர் ஆட்டோ வந்து நிற்கும். "எத்தினி பேருங்க?"

ஆனாலும் எங்கள் ஊர்ப் பாதையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதை வட்டம், மொத்தம் 14 கிலோமீட்டர். அடி அண்ணாமலை ஏறக்குறைய சரிபாதி. அங்கே நின்று "போதும்டா சாமி" என்றால், வந்த வழியே திரும்பினாலும் ஏழு, மேற்கொண்டு நடந்தாலும் ஏழு. பௌர்ணமியன்று வண்டியையும் பாதைக்குள் விடமாட்டார்கள். விட்டுவிட்டுப் போவதற்கும் முடித்துவிட்டுப் போவதற்கும் ஒரே செலவு என்றால் மனுஷன் முடித்துவிட்டுத்தான் போவான். அப்படி முடித்தவர்கள் ஈசான்ய லிங்கத்தில் விபூதி பூசிக்கொண்டு, வைராக்கியம் பற்றி மற்றவர்களுக்குப் புத்தி சொல்வதையும் பார்த்திருக்கிறேன்.

ஆன்லைன் ஆட்டங்களை உருவாக்கியவர்கள் யாரும் இந்த மலையைச் சுற்றியதில்லை என்பதுதான் என் மனக்குறை. அங்கே பாதியில் போவதற்கு ஆட்டோகூட வேண்டாம், கட்டைவிரல் போதும்.

நான் நடத்துவது 'டிப்ளமசி' என்ற ஆட்டம். ஆடுவதில்லை, நடத்துகிறேன், கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவருக்குச் சாப்பாடு கிடையாது. பகடை இல்லை, சீட்டு இல்லை, தோற்றால் நேரத்தின்மேல் பழி போட வழியும் இல்லை. வருஷம் 1901. ஐரோப்பாவில் ஏழு வல்லரசுகள்: இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா, ரஷ்யா, துருக்கி. ஆளுக்கொரு நாடு. வரைபடத்தில் 34 மையங்கள். 18ஐப் பிடித்தவர் ஜெயித்தார். படையை நகர்த்துவது இதில் சின்ன வேலை. பெரிய வேலை பேச்சுதான். ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேரிடமும் தனித்தனியாகப் பேசி, சத்தியம் செய்து, பிறகு ரகசியமாக உத்தரவு எழுத வேண்டும். எல்லா உத்தரவும் ஒரே நேரத்தில் திறக்கப்படும். நேற்று ராத்திரி "நீ என் கூடப்பிறந்தவன் மாதிரி" என்றவன் கத்தியை எந்தப் பக்கம் வைத்திருந்தான் என்பது அப்போதுதான் தெரியும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் தனிப் பயிற்சி தேவையில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் ஆலன் கால்ஹாமர் என்ற அமெரிக்கர். 1954இல் வடிவமைத்தார். கம்பெனிகள் ஏறெடுத்துப் பார்க்காததால் 1959இல் சொந்தக் காசில் 500 பிரதி அச்சிட்டார். பிற்காலத்தில் அவர் தபால்காரராக வேலை பார்த்தார். 1963 வாக்கில் ஜான் போர்ட்மன் என்பவர் இந்த ஆட்டத்தைத் தபாலிலேயே ஆட ஏற்பாடு செய்தார். ஊர் ஊராகக் கடிதம் போய்க் கடிதம் வரும். அதில் பாதியில் காணாமல் போகிறவர்கள் அன்றைக்கே இருந்தார்கள். "கடிதம் வரவில்லை, வழியில் தொலைந்திருக்கும்" என்று அன்று சொன்னார்கள். இன்று "நெட் இல்லடா" என்கிறார்கள். அறுபது வருஷத்தில் முன்னேற்றம் இவ்வளவுதான்.

எங்கள் ஏழு பேரும் ஒரே காலேஜ். ஒரே வகுப்பு என்று சொல்ல முடியாது, ஒரே கேன்டீன். இப்போது ஒருவன் துபாயில், ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி.யில், ஒருவன் செங்கம் ரோட்டில் ஹார்டுவேர் கடையில், மற்றவர்கள் வேலூர், பெங்களூரு என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு நாள் கெடு. ஆகவே ஓர் ஆட்டம் மாதக்கணக்கில் போகும். முதல் வாரம் வாட்ஸ்அப் குரூப் கொதிக்கும். "பால்கன் பக்கம் யாரும் வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒருவன் வாய்ஸ் மெசேஜ் போடுவான், பின்னணியில் அவன் மனைவி, "பால் கணக்கா இப்ப பாக்கறீங்க?" என்று கேட்பதும் சேர்ந்து பதிவாகியிருக்கும். இரண்டாம் மாதம் குரூப்பில் 'குட் மார்னிங்' பூக்கள் வர ஆரம்பிக்கும். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கோபித்துக்கொண்டு போகிறவனை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவன் நாலு வார்த்தை திட்டி, பழைய கேன்டீன் பாக்கியை எல்லாம் இழுத்து, குரூப்பிலிருந்தே வெளியேறுவான். ஊருக்கே தெரியும், ஆள் மாற்றிக்கொள்ளலாம். சத்தமில்லாமல் போகிறவன்தான் ஆளைக் கொல்கிறான். செய்தியைப் பார்ப்பான், நீல டிக் விழும், பதில் வராது. ஆனால் மாமல்லபுரத்தில் குடும்பத்தோடு இளநீர் குடிப்பதாக ஸ்டேட்டஸ் போடுவான். போன ஆட்டத்தில் ஆஸ்திரியா அப்படித்தான் மறைந்தது. ஆஸ்திரியா என்றால் ஹார்டுவேர் கடைக்காரன். நானே போன் போட்டேன்.

"டேய், உத்தரவு போடலியே நீ?"

"போட்டா மட்டும் இன்னாடா ஆவப் போவுது? மூணு பக்கமும் நின்னு அடிக்கறானுங்க."

"புடாபெஸ்ட்டும் வியன்னாவும் இன்னும் உன் கையிலதானே இருக்கு?"

"அத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? பொண்ணு கல்யாணத்துக்குச் சீர் வைக்கறதா?"

வரைபடத்தைப் பார்த்தால் அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆஸ்திரியா நடுவில் மாட்டிக்கொண்ட நாடு. ஒரு பக்கம் இத்தாலி, ஒரு பக்கம் ரஷ்யா, கீழே துருக்கி. தொடக்கத்திலேயே அடிவாங்கி அழிவதற்குப் பேர்போனது. ஆனால் அவன் எழுந்துபோனால் அடி அவனுக்கு இல்லை. அப்படி ஒரு நாடு கைவிடப்பட்டால், உள்நாட்டில் அரசாங்கமே கவிழ்ந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்கிறது விதிப்புத்தகம். படைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒன்றுக்கொன்று கைகொடுக்காது. யாராவது தள்ளினால் கலைந்துவிடும். ஆகவே பக்கத்தில் இருக்கிறவன் எவனோ அவனுக்கு யோகம். ஒரு படையை ஒழுங்காக நகர்த்தத் தெரியாத ஓ.எம்.ஆர். இத்தாலி, கதவு திறந்த வீட்டில் நுழைந்ததுபோல் ட்ரியஸ்டில் போய் உட்கார்ந்துவிட்டது. வரைபடத்தின் மறுகோடியில், அலாரம் வைத்து எழுந்து ஒழுங்காக உத்தரவு போட்ட சிங்கப்பூர் இங்கிலாந்துக்காரன் என்ன பாவம் செய்தான்? அவன் என்னைத்தான் கேட்டான். தமிழில் கேட்டான், அச்சில் போட முடியாது.

பெரிய வீடியோ கேம் கம்பெனிகள் இதற்குத் தண்டனை வைத்திருக்கின்றன. 'டோட்டா 2'இல் ஆட்டத்தை விட்டுப் போனவர் ஐந்து நிமிஷத்துக்குள் திரும்பாவிட்டால் கைவிட்டவர் என்று குறித்துக்கொள்வார்கள். அது தொடர்ந்தால் ஒரு தாழ்ந்த வரிசையில் போட்டுவிடுவார்கள். அதே குற்றத்துக்காக வந்தவர்களோடு சேர்ந்து குறிப்பிட்ட ஆட்டங்களை ஜெயித்தால்தான் விடுதலை. ஓடிப்போகிற பழக்கமுள்ளவர்களை ஒரே அணியில் போட்டு, இதில் ஜெயித்துக் காட்டு என்பது எவ்வளவு குரூரமான யோசனை! 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' கொஞ்சம் மனுஷத்தனமானது. ஓடுபவனை அடுத்த ஆட்டத்துக்குக் காக்கவைக்கும். ஆனால் 20 நிமிஷம் ஆனபிறகு ஐந்து பேரில் நால்வர் கையைத் தூக்கினால் மானமாகச் சரணடைந்துவிட்டு எல்லாரும் தூங்கப் போகலாம்.

என் அக்கா மகன் ஆடுவது வேறொன்று, பெயர் எதற்கு? அவர்கள் வீடு கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. பௌர்ணமி ராத்திரி லட்சக்கணக்கான ஜனம் வீட்டுவாசலைத் தாண்டிப் போகும். பாதிப் பேர் வீடியோ காலில் பாட்டிக்கு மலையைக் காட்டிக்கொண்டே போவார்கள். போனில் கோபுரம் போட்டிருக்கும், ஒன்றும் நகராது. பையன் சண்டையின் உச்சத்தில் இருப்பான், திரை உறைந்துபோகும், மறுநாள் காலை பார்த்தால் கைவிட்ட குற்றத்துக்குத் தண்டனை. எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்குத் திதியா தெரியும்? இப்போது அவன் முக்கியமான ஆட்டத்துக்கு உட்காருமுன் தினசரி காலண்டரைப் புரட்டிப் பார்க்கிறான். கார்த்திகை மாதம் பத்து நாள் ஆட்டமே கிடையாது. "புள்ளைக்கு இந்த வயசுலயே பஞ்சாங்கத்துல எவ்ளோ நம்பிக்கை பாரு" என்று அவன் பாட்டி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நாங்கள் யாரும் அவரைத் திருத்தவில்லை.

இது பொடிப்பசங்களின் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 2020இல் கொரோனா காரணமாகச் செஸ் ஒலிம்பியாடையே ஆன்லைனில் நடத்தினார்கள். இந்திய அணியில் விஸ்வநாதன் ஆனந்தே இருந்தார். காலிறுதியில் ஆர்மீனியாவின் மார்ட்டிரோசியனுக்கு நம் நிஹால் சரினோடு ஆடும்போது இணைப்பு அறுந்து, நேரம் தீர்ந்து, தோல்வி என்று முடிவானது. ஆர்மீனியா முறையிட்டது, தள்ளுபடியானது. "அப்படியானால் நாங்கள் ஆடவில்லை" என்று அடுத்த சுற்றுக்கு உட்காராமலே போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 30, ரஷ்யாவோடு இறுதிப்போட்டி. உலகம் முழுக்க இணையம் ஆட்டம் காண, இப்போது நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு போய், நேரம் தீர்ந்துவிட்டது. இந்த முறை நாம் முறையிட்டோம். ஃபிடே தலைவர் துவோர்கோவிச் இரண்டு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்துவிட்டார். தங்கம் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் யெரெவானில் அன்று ராத்திரி அந்தச் செய்தியை எந்த முகத்தோடு படித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். 2022இல் ஒலிம்பியாட் நேரிலேயே மாமல்லபுரத்தில் நடந்தபோது, பாகிஸ்தான் அணி சென்னை வரை வந்துவிட்டுத் தொடக்க நாளன்று விலகிக்கொண்டது. ஜோதி ஓட்டம் ஜம்மு காஷ்மீர் வழியாக வந்தது அவர்கள் சொன்ன காரணம். அது அரசுகளின் ஊடல். நமக்கு நம் ஹார்டுவேர் கடையே போதும்.

நாங்களும் தண்டனை முறையில்தான் ஆரம்பித்தோம். பாதியில் போனால் ஐந்நூறு ரூபாய், அன்னதானத்துக்கு. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிய அன்று மாலையே துபாய் துருக்கிக்காரன் ஆயிரம் ரூபாய் அனுப்பிவிட்டான். என்னடா இது என்றால், "ஐந்நூறு இந்த ஆட்டத்துக்கு, ஐந்நூறு அடுத்ததுக்கு அட்வான்ஸ்" என்கிறான். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில் இதே கூத்து நடந்திருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்களாம்; தாமதம் கூடிவிட்டது. காசு கட்டியாயிற்றே, இனி என்ன கூச்சம்? இதைப் பற்றி க்னீஸி, ருஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளாதாரக்காரர்கள் 2000இல் ஒரு பிரபலமான கட்டுரையே எழுதினார்கள். துபாய்க்காரன் அதைப் படித்ததில்லை. அவனுக்கு இயல்பாகவே வருகிறது.

அடுத்து, நம்பகத்தன்மைக்கு மதிப்பெண். டிப்ளமசி ஆடும் இணையதளங்களில் இது உண்டு: எத்தனை கெடுவைத் தவறவிட்டாய் என்று பார்த்து ஓர் எண் போடுவார்கள், எண் குறைந்தால் நல்ல ஆட்டங்களில் சேர்க்கமாட்டார்கள். நானும் பட்டியல் போட்டுக் குரூப்பில் ஒட்டினேன். "என் சிபில் ஸ்கோரவே நான் பாக்கறதில்ல" என்று பதில் வந்தது. தாமதமானால் வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லிவிடுவோம் என்றும் மிரட்டிப் பார்த்தோம். ஒரு வீட்டில் நிஜமாகவே சொன்னோம். அந்த அம்மா, "விட்டுட்டாரா? நீங்க நல்லா இருக்கணும்ணா" என்று வாழ்த்தினார்.

எனக்கு விஷயம் விளங்கியது தை மாதம் 2ஆம் தேதி, மாட்டுப்பொங்கலன்று, திருவூடல் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றபோது. அன்றைக்குத்தான் அம்மனுக்கும் சுவாமிக்கும் அந்தத் தெருவில் ஊடல் நடக்கும். சிவனைத் தவிர யாரையும் கும்பிடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பிருங்கி முனிவருக்கு அருளப் போகிறேன் என்கிறார் அண்ணாமலையார். என்னை மதிக்காதவனுக்கா என்று உண்ணாமுலை அம்மனுக்குக் கோபம். அம்மன் விறுவிறுவென்று கோயிலுக்குத் திரும்பிப் போய்விடுவார், கதவு சாத்தப்படும். சுந்தரர் தூது போவார், வருவார், பலிக்காது. சுவாமி அன்றிரவு குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் தனியாகக் கிரிவலம் போய்வந்த பிறகு மறுவூடல், சமாதானம்.

கூட்டத்தில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா, சுவாமியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே, "அந்த அம்மா கோவத்துல என்னா தப்பு இருக்குது?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இந்த ஏற்பாட்டில் எழுந்துபோனவர்மேல் அபராதம் இல்லை. போனவரைத் தேடித் தூது போகிறது. திரும்பி வர ஒரு நாள் குறித்திருக்கிறது. அதற்குள் அந்த இடத்தை வேறு யாரும் பிடித்துக்கொள்வதும் இல்லை.

1972இல் ரெய்க்யாவிக்கில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். உலகச் செஸ் பட்டத்துக்கு ஆட வேண்டிய அமெரிக்கர் ஃபிஷர் வரமாட்டேன் என்று அடம் பிடித்தார். லண்டன் பணக்காரர் ஜிம் ஸ்லேட்டர் பரிசுத்தொகையை இரட்டிப்பாக்கினார்; அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் தூது போவதுபோல் போன் போட்டார். ஆள் வந்தார், முதல் ஆட்டம் தோற்றார், கேமரா சத்தம் போடுகிறது என்று இரண்டாவது ஆட்டத்துக்கு வரவே இல்லை. பட்டத்தை வைத்திருந்த ஸ்பாஸ்கி அப்போதே மூட்டை கட்டியிருந்தால் பட்டத்தோடு மாஸ்கோ போயிருக்கலாம். போகவில்லை. மூன்றாவது ஆட்டத்தை, எதிராளி கேட்டபடியே, பார்வையாளர்கள் இல்லாத பின்னறையில் ஆடச் சம்மதித்தார். கடைசியில் பட்டத்தையும் இழந்தார். ஆனால் உலகத்துக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது.

இதெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு நானும் சுந்தரர் ஆனேன். அடுத்து வந்த கார்த்திகைக்கு முன்னால், நேரே செங்கம் ரோட்டுக்குப் போய், தேவையில்லாத ஒரு பித்தளைக் குழாயை விலைபேசியபடி, ஹார்டுவேர்க்காரனிடம் எடுத்துச் சொன்னேன். உன்னால் ஜெயிக்க முடியாது, சரி. ஆனால் புடாபெஸ்டில் நிற்கிற அந்த ஒரு படை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் ரஷ்யாவோ துருக்கியோ ஜெயிக்கும். ரெண்டு பேரும் உன் கடை வாசலில் வந்து நிற்பார்கள். அவன் முகம் மலர்ந்தது. அன்றைக்கே உத்தரவு போட்டான், அடுத்ததும் போட்டான். பிறகு தீபமும் பொங்கலும் நெருங்க, வெள்ளையடிப்பு வேலை சூடுபிடித்து, கடையில் பிரஷ்ஷும் டிஸ்டெம்பரும் பறக்க, மறுபடியும் நீல டிக்.

தபால் காலத்து நடத்துநர்கள் இதற்காகவே மாற்றாள் பட்டியல் வைத்திருப்பார்கள். என் பட்டியலில் ஒரே ஆள்தான் மிச்சம்: என் அத்தை. தாலுகா ஆபீசில் நிலப் பதிவேடுகளோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவர். வரைபடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பட்டா யார் பேர்ல?"

"ஆஸ்திரியா பேர்ல, அத்தை."

"அனுபவத்துல யாரு?"

"ரெண்டு இடம் நம்மகிட்ட. ட்ரியஸ்ட்ல இத்தாலிக்காரன் உக்காந்திருக்கான்."

"நோட்டீஸ் குடுத்தியா?"

கொடுக்கவில்லை. அவரே கொடுத்தார். 'பார்வையில் காணும் பொருள் தொடர்பாக' என்று ஆரம்பித்து ஓ.எம்.ஆருக்கு ஒரு மெசேஜ் போனது. பயல் வேலை பார்ப்பது பன்னாட்டுக் கம்பெனி என்றாலும் பிறந்தது போளூர்ப் பக்கம். அந்த முதல் வரிக்கே கை நடுங்கிவிட்டது. அடுத்த சுற்றில் படையைப் பின்வாங்கினான். ரஷ்யாவிடம் துருக்கியைப் பற்றியும் துருக்கியிடம் ரஷ்யாவைப் பற்றியும் அத்தை என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. தோற்கிற நாடு என்று யாரோ அத்தையிடம் சொல்லிவிட்டார்கள். "இதைவிட மோசமான கேஸெல்லாம் பாத்திருக்கேன். வாய்தாவுக்கு ஒழுங்கா வந்தாலே பாதி ஜெயம்" என்றார். ஒரு கெடுகூடத் தவறியதில்லை. பௌர்ணமியன்று முன்கூட்டியே போட்டுவிடுவார்.

பொங்கல் வியாபாரம் முடிந்து, மறுவூடல் அன்று சாயங்காலம், ஹார்டுவேர்க்காரன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அத்தை வீட்டுக்கு வந்தான். கடை ஓய்ந்துவிட்டதாம், ஆஸ்திரியாவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறானாம். அத்தை பழத்தை வாங்கி உள்ளே வைத்தார். பிறகு டேப்லெட்டை எடுத்து, ஆட்டத்தின் தேதியைக் காட்டினார்.

"நான் வந்து உக்காந்தது 1904ல. இப்ப 1916 நடக்குது. பன்னெண்டு வருஷம், இடைவிடாம, ஊரறிய, நானே அனுபவிச்சிக்கினு வர்றேன். சட்டப்படி அனுபவப் பாத்தியதை ஆயிப் போச்சுடா. கோர்ட்டுக்குப் போனாலும் நிக்காது."

"அத்தை, புடாபெஸ்ட்டாவது…"

"மனுவா எழுதி எடுத்தா. திங்கக்கிழமை பாக்கலாம்."